முப்பத்தைந்து மில்லிமீட்டர்

கராஜ் மேசைமேல் இரண்டு அட்டைப்பெட்டிகள்.
ஒன்றில் நான்கு சுருள்வில்கள், கருநீலம்,
இருநூற்றுப் பத்து யூரோ.
இன்னொன்று பிரிக்காதது. தொள்ளாயிரம்.
உள்ளே காயிலோவர்:
வில்லும் டேம்பரும் ஒரே உடம்பாய்,
மரைபோட்ட தண்டில் ஏறி இறங்கும் வளையத்தோடு.
"வேண்டாததைத் திருப்பி அனுப்பு, மெரிகே.
பதினான்கு நாள் தவணை" என்றான் கௌபோ.
பதின்மூன்று போய்விட்டது.

என் வால்வோவுக்கு வயது இருபத்தெட்டு.
டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே
ஒரு பூனை சுருண்டு தூங்கும் அளவு வெற்றிடம்.
தூங்கியும் இருக்கிறது.
எனக்கு அந்த இடைவெளி ஆகவில்லை.
அடுத்தவர் வீட்டில் படம் கோணலாய்த் தொங்கினாலும்
எழுந்துபோய் நேராக்குகிறவர்களுக்கு
இது புரியும்.

கௌபோ காயிலோவர் கட்சி.
மாற்றிக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம்.
கோடையில் தரையோடு தரையாக,
பனி விழுந்தால் மேலே,
சனிக்கிழமை மீன்பெட்டி ஏற்றும்போது
பின்பக்கம் மட்டும் இரண்டு சுற்று.
"வெறும் வில்லென்றால்
தொழிற்சாலையில் எவனோ முடிவுசெய்த உயரம்.
உனக்கு அதில் ஒரு சொல்லும் கிடையாது."
உண்மைதான்.
குட்டை வில்லின் துள்ளலைப் பழைய டேம்பர்
நெடுநாள் தாங்காது என்பதும் உண்மை.

நாங்கள் விவாகரத்தானவர்கள்.
வீடு எனக்கு, படகு அவனுக்கு.
கராஜைத்தான் பிரிக்க முடியவில்லை;
காரைத் தூக்கும் லிஃப்ட் ஒன்றே ஒன்று.
தயவுசெய்து இதை உவமையாக்க வேண்டாம்.
நான் பேசுவது சஸ்பென்ஷனைப் பற்றி.

பதினான்காம் நாள் காலை
அவன் கார் லிஃப்டில் ஏறியது.
குளிர்கால டயர் மாட்டவேண்டும்,
அதற்கு ஒரு விரற்கடை உயர்த்தவேண்டும்.
கொக்கி ஸ்பேனரை வளையத்தில் மாட்டி இழுத்தான்.
அசையவில்லை.
எண்ணெய் தெளித்தான். காபி குடித்தான்.
சுத்தியலால் தட்டினான். தீ காட்டினான்.
இரண்டு குளிர்காலத்துச் சாலை உப்பு
மரைக்குள் வெள்ளையாய்ப் பூத்து
வளையத்தையும் தண்டையும்
ஒன்றாக்கியிருந்தது.
ஸ்பேனர் வழுக்க, விரல்முட்டியில் ரத்தம்.

"கடைசியாக எப்போது மாற்றினாய்?"
யோசித்தான்.
"மாட்டின அன்று."

தாழ்த்தியது
தாழிட்டுக்கொண்டுவிட்டது.

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.
அவனே முதலில் சிரித்தான்,
விரலை வாயில் வைத்துக்கொண்டு.

அதற்காக வில் ஜெயித்தது என்று சொல்லமாட்டேன்.
சரளைக்கல் வளைவில் அவன் கார்
என்னுடையதைவிட ஒழுங்காகத் திரும்பும்.
ஆனால் வருடத்துக்கு இரண்டு தரம்
காரடியில் படுத்து மரை துடைக்கிறவளா நான்?
பல் டாக்டரிடமே மூன்று வருடமாய்ப் போகவில்லை.
ஐந்து மணிக்குக் கூரியர் மூடுவதற்குள்
தொள்ளாயிரத்தை அனுப்பிவிட்டேன்.

வில் மாட்ட இரண்டு ஆள் வேண்டும்.
அமுக்கியின் ஒரு பக்கம் அவன் பிடிக்க
நான் திருகினேன்.
அமுங்கிய வில் நழுவினால் தாடையைப் பெயர்த்துவிடும்;
அதனால் இருவரும் பேசவில்லை.
சுருள் சுருளாய் நெருங்கி வந்தது.
பழைய நாட்களில் இவ்வளவு கவனமாய்
எதையும் சேர்ந்து பிடித்ததாய் நினைவில்லை.

பூனை வந்து பார்த்துவிட்டுப் போனது.

சனிக்கிழமை. குய்வாஸ்து துறை.
காற்று கடலைக் கீழே தள்ளியிருந்த நாள்,
படகின் சாய்தளம் வழக்கத்தைவிடச் செங்குத்து.
பின்னால் எட்டுப் பெட்டி புகையிட்ட தட்டைமீன்,
அக்கரையில் ஹாப்சலு சந்தைக்கு.
கை காட்டிக்கொண்டிருந்த ராய்டோ
மெல்ல, இன்னும் மெல்ல என்றான்.
முன்சக்கரம் ஏறியது. அப்புறம்
கர்ரென்று ஒரு நீண்ட சத்தம்,
சைலன்சர்,
வரிசையில் எல்லோரும் திரும்பிப் பார்க்க.

ராய்டோ குனிந்து பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினான்.
அழகாய் இருக்கிறது என்றானா,
ஒன்றும் உடையவில்லை என்றானா,
கேட்கவில்லை.
அடுத்த வாரம்
ஆறு பெட்டி போதும்.